பிரேக்கை விடாத கால்

2008-இல் வந்த ஐரேசிங் என்ற இணையவழி கார்ப் பந்தயத்தில் என்னை ஈர்த்தது வேகத்தைவிட, அதன் தண்டனைக் கணக்கு. தார்த் தடத்தில் எல்லை தாண்டினால் 1 புள்ளி, கட்டுப்பாடு இழந்து சுழன்றால் 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4. யார் இடித்தார் என்று மென்பொருள் விசாரிப்பதில்லை. மோதிய இருவர் கணக்கிலும் ஏறிவிடும். புதிதாக வருகிறவர்கள் இதை அநியாயம் என்று கொதிப்பார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. தப்பே செய்யாவிட்டாலும் புள்ளி விழும் என்று தெரிந்தவர், பக்கத்தில் வருகிறவருக்கு ஒரு கார் அகலம் இடம் விட்டுத்தான் வளைவில் திரும்புவார். கடந்த வளைவுகளுக்கு எத்தனை புள்ளி விழுந்தது என்பதை வைத்தே பாதுகாப்பு மதிப்பீடு. விளையாட்டில் ஓட்டுநரின் உரிம நிலை உயர்வதும் இறங்குவதும் அதைப் பொறுத்தது. வேண்டுமென்றே இடிப்பவர்மீது ரீப்ளேயோடு புகார் கொடுக்கலாம். அதை மனிதர்கள் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

ஆனால் மென்பொருள் எண்ணாத இடங்களில்தான் இந்த விளையாட்டின் அழகே இருக்கிறது. சுழன்று தடத்தின் குறுக்கே நிற்கிறவரைக் கவனியுங்கள். பிரேக்கை அழுத்தி மிதித்தபடி அசையாமல் இருக்கிறார். கார் உருளாதவரை, பின்னால் வருகிறவர்கள் எந்தப் பக்கம் விலகுவது என்று தடுமாற வேண்டியதில்லை. எத்தனை இடம் பறிபோனாலும், கூட்டம் கடந்த பிறகே கியர் போடுகிறார். தெரியாமல் இடித்து முந்திவிட்ட இன்னொருவர், அடுத்த நேர்ப்பாதையில் ஓரம் ஒதுங்கி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். அதனால் விழுந்த புள்ளி குறையப் போவதில்லை. ஆனாலும் இடித்து வாங்கிய இடம் அவருக்கு வேண்டாம்.