அங்க யாரு இருக்கா?

சுந்தரபாண்டியத்தில் ஒரு நெசவாளர் வீடு. அப்பா தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிறார். வாசல் வெளிச்சத்தில் அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்கிறார். கிருஷ்ணன்கோவிலில் படித்து முடித்த மகள் கைப்பேசியை நீட்டுகிறாள். சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, பதினைந்தாம் தேதி சேர வேண்டும். தறிச் சத்தம் நிற்கிறது. எந்தக் கம்பெனி, என்ன சம்பளம் என்பதெல்லாம் அப்புறம். அப்பாவின் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "அங்க நம்ம ஆளு யாரு இருக்கா?"

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரத்தில் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் வெளியூர் வேலைக்குப் போனவர்கள் அபூர்வம். கொளத்தூரில் அத்தை இருக்கிறார், தாம்பரத்தில் பெரியப்பா மகன் இருக்கிறார் என்று தெரிந்ததும் போன் போகும். "அனுப்பி வைங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று பதில் வந்தால் பெட்டி கட்டலாம். பதில் இழுத்தால் அந்த ஊர் அன்றோடு முடிந்தது. ஒரு குடும்பம் நகரத்தின் பாதுகாப்பையும் வேலையையும் எடைபோட வைத்திருக்கும் தராசு பெரும்பாலும் இது ஒன்றுதான்.

படித்தவர்கள் பலர் இதைப் பட்டிக்காட்டுப் பயம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலையில் ஏறினால் விடியுமுன் பஸ் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். 2023 டிசம்பர் 30இல் அந்த நிலையம் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்டப் பயணிக்குச் சென்னை என்பது கோயம்பேடு இல்லை. ஊருக்கு வெளியே, இருட்டோடு இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸோ மின்சார ரயிலோ பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் பையோடு நிற்கும் இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு, "அத்தை வந்துட்டேன், கேட்டுக்கிட்ட நிக்கிறேன்" என்ற குரலுக்கு ஈடாக எந்தப் புள்ளிவிவரமும் கிடையாது. முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும்வரை சோறும் படுக்கையும் சொந்தக்காரர் வீட்டில்தான். வீட்டு அட்வான்ஸைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. பத்து மாதம் கேட்கும் வீட்டுக்காரரிடம் அதை எடுத்துச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். அவரையும் உறவுதான் தருகிறது.

இதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. ஆள் இருக்கும் ஊரில், ஒருவர் காணாமல் போனால் அன்று இரவே தெரிந்துவிடும். 2014 பிப்ரவரியில் சிறுசேரியில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த இளம்பெண் இரவில் அலுவலகத்தை விட்டுக் கிளம்பினார். அவருடைய உடல் ஒன்பது நாள் கழித்து, வேலையிடத்துக்கு அருகிலேயே, புதருக்குள் கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த தென்மாவட்டத்து அப்பாக்கள் நகரத்தைப் பார்த்து மட்டும் பயப்படவில்லை. ஒன்பது நாள் என்ற கணக்கைப் பார்த்தும் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது அரசின் குற்றக் கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் பெருநகரங்களின் குற்ற விகிதத்தை வெளியிடுகிறது. நாளிதழ்கள் அதிலிருந்து "பாதுகாப்பான நகரம்" என்று ஒரு பெயரை எடுத்துத் தலைப்பாக்குகின்றன. அந்தப் பட்டியலில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 19 நகரங்களே உண்டு. தமிழ்நாட்டில் சென்னையும் கோயம்புத்தூரும்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் பஸ் பஸ்ஸாகப் போய் இறங்கும் திருப்பூர் அதில் இல்லை. மதுரையும் இல்லை, ஓசூரும் இல்லை. விகிதத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பினுடையது. இன்றைய குற்றங்களை அன்றைய சென்னையால் வகுக்கிறார்கள். இன்னொன்று, வந்த புகாரையெல்லாம் பதிவு செய்யும் ஊர் இந்தக் கணக்கில் மோசமாகத் தெரியும். திருப்பி அனுப்பும் ஊர் நல்ல பெயர் எடுக்கும். பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று காப்பகமே எச்சரிக்கிறது. ஆகவே பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கும் தகப்பனைவிட அத்தைக்குப் போன் போடும் தகப்பன் விவரமானவர்தான்.

சிக்கல் அதற்கப்புறம் தொடங்குகிறது. பாதுகாப்பைக் கேட்ட அதே வாயிடம் வேலையையும் கேட்கிறோம். திருப்பூரில் மாமா கட்டிங் மாஸ்டர் என்றால் மருமகன் செக்கிங்கில் சேர்வான், அவன் கூட்டாளி ஓவர்லாக் பழகுவான். கணக்குப் படித்தவனும் மெக்கானிக் படித்தவனும் அதே பனியன் கம்பெனி வாசலில்தான் நிற்பார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆனால் ஒரு தெருவே ஒரே தொழிலைப் பிடித்துத் தொங்கும்போது, அந்தத் தொழில் அறுந்தால் தெருவே விழும். 2011 ஜனவரி இறுதியில், நொய்யலில் கழிவு கலப்பதைக் காரணம் காட்டிச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் ஏறாத துணிக்குத் தையல் ஏது? 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோதும் முதல் அடிகளில் ஒன்று அங்கேதான் விழுந்தது. கஷ்டத்தில் கைகொடுப்பார் என்று நம்பிப் போன மாமாவுக்கும் அதே வாரம் வேலை இல்லை. உறவு என்ற காப்பு, அது மிகவும் தேவைப்படும் நாளில்தான் இற்றுப்போகிறது.

"நம்ம ஆளு" என்ற சொல்லுக்குள் இருப்பது யார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல சமயம் அதற்குப் பொருள் சொந்தச் சாதிக்காரர். வாடகைக்கு வீடு கிடைப்பதும், கம்பெனியில் மேஸ்திரியிடம் சொல்லிச் சேர்த்துவிடுவதும் அந்தக் கயிற்றில்தான் நடக்கிறது. இரண்டு தலைமுறை முன்பே நகரத்தில் கால் ஊன்றிய சாதிகளுக்குக் கயிறு நீளம். எங்கள் வட்டாரத்துத் தலித் குடும்பங்கள் பலவற்றுக்கு அது எட்டுவதில்லை. ஒரே வகுப்பில் படித்து ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருவர் அத்தை வீட்டுக்குப் போக, மற்றவர் ஏஜென்ட் கைக்குப் போவது இப்படித்தான்.

ஏஜென்ட் என்றதும் சுமங்கலித் திட்டத்தைச் சொல்லாமல் கடக்க முடியாது. இந்த வழக்கத்தின் உயிர்நாடியும் ஊனமும் அதில் அப்பட்டமாகத் தெரிந்தன. 2000க்குப் பிறகு நூற்பாலைகளில் பரவலாக இருந்த ஏற்பாடு அது. பதின்வயதுப் பெண்கள் மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். நாள் கூலி சொற்பம். மூன்று ஆண்டு முடிந்தால் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கையில் தருவார்கள், அது கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது பேச்சு. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். பிடித்தது யார்? வேற்று ஆள் இல்லை. அடுத்த தெருக்காரர், தூரத்துச் சொந்தம், முன்பே அந்த ஆலையில் இருந்த பெண்ணின் அம்மா. ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு என்று அவர்களுக்குக் கமிஷன் உண்டு. அது பெற்றவர்களுக்குத் தெரியாது.

அவர்கள் விற்றது வேலையை அல்ல, பாதுகாப்பை. சுற்றுச்சுவர் உண்டு. வார்டன் உண்டு. வெளியே விடமாட்டார்கள். போன் கிடையாது. ஆண்களோடு பேச்சு கிடையாது. வயசுப் பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோரின் காதில் இதெல்லாம் தேனாக விழுந்தது. உண்மையில் அந்தச் சுவர்தான் ஆபத்து. உடம்பு முடியவில்லை என்றால் சொல்ல ஆள் இல்லை, மேற்பார்வையாளர் தொந்தரவு கொடுத்தால் வீட்டுக்குத் தகவல் போகாது, தவணைக்கு ஒரு மாதம் முன்னால் கிளம்பினாலும் மொத்தப் பணமும் போச்சு. 2011இல் இரண்டு நெதர்லாந்து அமைப்புகள் 'கேப்சர்ட் பை காட்டன்' என்ற அறிக்கையில் இவற்றை உலகத்துக்கு எடுத்துச் சொன்னபோது, வெளிநாட்டுத் துணி நிறுவனங்கள் கேள்வி கேட்கத் தொடங்கின. 2014இல் தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. விடுதி நடத்துபவர் பதிவு செய்தாக வேண்டும் என்பது இப்போது சட்டம். எத்தனை பெற்றோர் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்கிறார்கள்? பழக்கமான முகம் கூட்டிப்போனால் காகிதம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கிளம்பி மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய இளைஞர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஏஜென்டுக்கு அரசுப் பதிவு இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

நம் வழக்கத்தின் ஆழமான பிழை இங்கேதான். பாதுகாப்பு என்றால் பெண்ணை யாரும் பார்க்காமல் வைத்திருப்பது என்று புரிந்துகொண்டிருக்கிறோம். அவள் நினைத்த நேரத்தில் வெளியே வர முடிவதுதான் பாதுகாப்பு. சொந்தக்காரர் வீட்டில் தங்கும் பெண்ணுக்கும் இது பொருந்தும். இரவு ஷிப்ட் வேண்டாம், அந்தப் பயிற்சி எதற்கு, இவ்வளவு நேரம் யாரோடு போன் என்று அத்தை வீட்டில் போடும் கட்டு, பதவி உயர்வை ஓசையில்லாமல் தின்றுவிடும். அரசின் தோழி விடுதிகள் சென்னைப் பகுதியிலும் திருச்சி, ஓசூர், திருநெல்வேலி போன்ற ஊர்களிலும் இருக்கின்றன. உறவும் இல்லாமல் ஏஜென்டும் இல்லாமல் ஒரு பெண் கௌரவமாகத் தங்க அவை வழி. எங்கள் தெருக்களில் அந்தப் பெயர் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

வெளியூர் ஆபத்து, உள்ளூர் பத்திரம் என்ற கணக்கும் சரியில்லை. விடியற்காலையில் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு பட்டாசு ஆலைக்குப் போகிறது. ராத்திரி வீட்டில் படுக்கிறாள் என்பதால் அது பாதுகாப்பான வேலை ஆகிவிடுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நாற்பதை ஒட்டிய உயிர்கள் ஒரே மதியத்தில் போயின. அதற்குப் பிறகும் விபத்துச் செய்தி வராத ஆண்டு எங்கள் மாவட்டத்துக்கு வாய்க்கவில்லை. மகளைச் சென்னைக்கு அனுப்பப் பத்து நாள் யோசிக்கும் வீடு, அந்த வேனில் ஏற்ற ஒரு நாள்கூட யோசிப்பதில்லை. தூரத்தை ஆபத்தின் அளவுகோலாக வைத்திருப்பதால் வந்த வினை இது.

அப்படியானால் யாரைக் கேட்பது? நகரத்தில் இருக்கும் உறவினர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் தன் கஷ்டத்தை ஊருக்குத் தெரியவிட மாட்டார். பங்குனியில் அம்மன் கோவில் பொங்கலுக்கு வரும்போது புதுச் சட்டையும் பிள்ளைகளுக்குப் பலகாரமும்தான் ஊர் பார்க்கும். ஒண்டுக்குடித்தன அறையும், மாத வட்டியும், மூன்று தடவை மாறிய கம்பெனியும் பஸ் ஏறி வருவதில்லை. தவிரவும் அங்கே தங்கி நிலைத்தவரைத்தான் நாம் கேட்கிறோம். முடியாமல் திரும்பியவர்களை ஒருவரும் கேட்பதில்லை. அவர்களும் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். திருப்பூரில் ஆறு வருடம் இருந்துவிட்டு மறுபடி தறிக்குழியில் இறங்கியவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்குப் போகும் முன்னாள் டெய்லர், நூற்பாலையிலிருந்து பாதியில் வந்து இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா. திரும்பியதைத் தோல்வி என்று முத்திரை குத்தியதால் அவர்கள் வாய் மூடிக்கிடக்கிறது. சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள், சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டார்களா, விலக எத்தனை மாத நோட்டீஸ், ராத்திரி வேலை முடிந்தால் வண்டி அறை வாசல்வரை வந்ததா, மெயின் ரோட்டோடு நின்றதா, புகார் சொன்னபோது என்ன நடந்தது என்று ஒரு நகரத்தின் உண்மையான விலை அவர்களுக்குத்தான் தெரியும். அந்த விலையைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் போகட்டும், போகத்தான் வேண்டும். தறிக்கூலி ஒரு குடும்பத்துக்குப் போதாத ஊரிலிருந்து பிள்ளைகள் கிளம்புவதை யாரும் தடுக்கக் கூடாது.

அத்தைக்குப் போன் போடுங்கள், தப்பில்லை. போடுவதற்கு முன்னால் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த இட்லிக்கடை அக்காவிடம் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.