வறட்சி நிவாரணமும் கவுண்டி எல்லையும்

அமெரிக்க விவசாய நிவாரணத்தை விமர்சிப்பவர்கள் வழக்கமாகக் கையில் எடுப்பது பயனாளிகள் பட்டியலைத்தான். எந்தக் கவுண்டியில் யார் எத்தனை டாலர் வாங்கினார் என்று. படிக்க சுவாரசியமாத்தான் இருக்கும். ஆனால் அவருக்கு என்ன இழப்பு என்பது அதில் இருக்காது. அதுக்கு விதியைப் படிக்கணும்.

கால்நடை வளர்ப்பவர்களுக்கான மேய்ச்சல் நிவாரணத்தை எடுத்துக்கொள்வோம், எல்.எஃப்.பி. என்பார்கள். வியாழன்தோறும் 'டிரௌட் மானிட்டர்' என்ற வறட்சி வரைபடம் வெளியாகிறது. டி0 முதல் டி4 வரை, கடுமை கூடக்கூட நிறம் மாறும். 2014 விவசாயச் சட்டத்தின்படி, மேய்ச்சல் பருவத்தில் டி2 தொடர்ந்து எட்டு வாரம் நின்றால் ஒரு மாதத் தொகை. டி3 ஒரு தடவை எட்டிப் பார்த்தாலே மூன்று மாதத் தொகை.

சிக்கல் 'கவுண்டியின் எந்தப் பகுதியிலாவது' என்ற சொற்களில் இருக்கிறது. டெக்சஸில் உள்ள புரூஸ்டர் கவுண்டியின் பரப்பு சுமார் 16,000 சதுர கிலோமீட்டர். கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரிசு. அதன் ஒரு மூலையில் நிறம் ஏறினால், அறுபது மைல் தள்ளி நல்ல மழை கண்டவருக்கும் தகுதி வந்துவிடும். அதே மூலைக்கு நாலு மைல் பக்கத்தில், ஆனால் எல்லைக்கு அந்தப்புறம், நிறம் படாத கவுண்டியில் இருக்கிறவருக்கு ஒண்ணும் கிடையாது. இத்தனைக்கும், இது பரந்த நிலையைக் காட்டுவது, உள்ளூர் நிலை மாறுபடலாம் என்று அந்த வரைபடத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்!

கவுண்டியை அளவுகோலாக வைத்து ஏமாந்த கதை பழசு. 2003-ல் கொலம்பியா விண்கலம் கிழக்கு டெக்சஸ் மேல் சிதறியது. அந்தப் பேரிடர் அறிவிப்பைக் காட்டியே அங்கே மாடு வளர்த்தவர்களுக்குக் கால்நடை நிவாரணம் போனதை 2006-ல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. விண்கலத்துக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க.

அதுக்காக 'எல்லாம் ஓசிப் பணம், நிறுத்து' என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முந்தைய திட்டங்கள் 2011 செப்டம்பரோடு காலாவதியாகிவிட்டன. 2012-ன் பெருவறட்சி வந்தபோது கைகொடுக்க எதுவும் இல்லை. 2013 அக்டோபரில் தெற்கு டகோட்டாவில் பனிப்புயலில் ஆயிரக்கணக்கான மாடுகள் செத்தன, அப்பவும் இல்லை. 2014 சட்டம் முன்தேதியிட்டுப் பணம் கொடுத்தது உண்மைதான். ஆனால் இரண்டு வருஷம் கழித்து வரும் பணம், அதற்குள் மந்தையை விற்றுவிட்டவனுக்கு எதுக்கு? வரைபடத்தைப் பார்த்தே கவுண்டியின் தகுதி தீர்மானமாகும் இன்றைய முறையின் பலம் அதன் வேகம். ஒவ்வொரு பண்ணைக்கும் அதிகாரி நேரில் போய்ப் பார்க்கணும்னு மாற்றினால் அது போயிடும்.

வேகத்தை இழக்காமலே எல்லையைச் சரிசெய்யலாம். வேளாண் துறையிடம் நிலங்களின் எல்லைகள் கணினி வரைபடமாகவே இருக்கின்றன. வறட்சி வரைபடமும் அப்படித்தான். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, வரைபடத்தின் துல்லியக் குறைவுக்காக நிறத்தைச் சுற்றிச் சில மைல் விளிம்பு விட்டுக் கொடுக்கலாம். கவுண்டிக் கோடு அந்த விளிம்பில் குறுக்கே வரக்கூடாது.

2025-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். டி2-வுக்கான எட்டு வாரத்தை நாலு வாரமாக்கினார்கள். 'எந்தப் பகுதியிலாவது' மட்டும் அப்படியே இருக்கு.