கதவைத் தட்டினால் போதுமா?

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு தீராத வியாதி உண்டு. எந்த எண்ணைப் பார்த்தாலும், இது விற்பனையா வசூலா என்று கேட்கத் தோன்றும். மளிகைக் கடை அண்ணாச்சி, "இந்த மாசம் 3 லட்சத்துக்கு வியாபாரம் தம்பி" என்று பெருமையாகச் சொல்வார். அதில் 2 லட்சம் கடன் நோட்டில் உட்கார்ந்திருக்கும். சரக்கு போனது நிஜம்தான். காசு கல்லாவுக்கு வந்ததா என்பது வேறு விஷயம்.

அரசாங்கத்தின் சுகாதாரத் திட்ட விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடன் நோட்டு ஞாபகம்தான் வருகிறது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அடுத்த வருஷம் டிசம்பரிலேயே திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் கொடுத்தார்கள். மேடை, மாலை, போட்டோ எல்லாம் அமர்க்களமாக நடந்தது. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் வந்து சேர்ந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்ல திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பக்கவாதம் வந்து படுத்திருப்பவருக்கு கை காலை அசைக்கச் சொல்லித்தர பிசியோதெரபிஸ்ட் வருகிறார். புற்றுநோய் முற்றிய நிலையில் வலியோடு கிடப்பவரின் கட்டில் பக்கம் நர்ஸ் வந்து உட்காருகிறார். வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பையும் வருகிறது. மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, டோக்கன் வாங்கி, மதியம் வரை பெஞ்சில் காத்திருந்த ஜனங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதைக் கிண்டல் செய்பவன் அந்த பெஞ்சில் ஒரு நாளும் உட்கார்ந்திருக்க மாட்டான்.

என் சண்டை திட்டத்தோடு இல்லை. அதை எண்ணுகிற விதத்தோடு.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறார். அறுபது தாண்டியவர், இட்லிக் கடை வைத்திருப்பவர். அவர் வீட்டுக்கும் மாத்திரை வருகிறது. மாதம் தவறாமல் வாங்கிக்கொள்கிறார். வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறார். டப்பா நிரம்பி வழிகிறது. "ஏம்மா, சாப்பிடறதில்லையா?" என்று கேட்டேன். "நான் நல்லாத்தானப்பா இருக்கேன், தலைவலி வந்தா மட்டும் ஒண்ணு போட்டுக்குவேன்" என்றார். "அப்புறம் எதுக்கு வாங்கறீங்க?" என்றால், "வாங்கலைன்னா லிஸ்ட்ல பேரை எடுத்துட்டா?" என்று திருப்பிக் கேட்டார்.

ரேஷன் கார்டு கற்றுக்கொடுத்த பாடம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அரசாங்கக் கணக்கில் அந்த அம்மா ஒரு பயனாளி. ஒவ்வொரு மாதமும் மருந்து பெறும் பயனாளி. அவருடைய பிரஷர் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் தெரியாமல் ஏறின இடத்திலேயே இருக்கிறது.

இதில் அந்த அம்மாவின் தப்பைவிட வியாதியின் குணம்தான் அதிகம். பல்வலி வந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் டாக்டரைத் தேடி ஓடுவோம். பிரஷர் வலிக்காது. சர்க்கரையும் ஆரம்பத்தில் வலிக்காது. பத்து வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒரு நாள் கிட்னியிலோ, கண்ணிலோ, மார்பிலோ வந்து நிற்கும். வலிக்காத வியாதிக்கு ஆயுள் முழுக்க தினமும் மாத்திரை போடு என்றால் மனுஷ மனசு ஒப்புக்கொள்ளாது. "இப்பத்தான் நார்மல் ஆயிடுச்சே" என்று நிறுத்துவார்கள். மாத்திரையால்தான் நார்மல் ஆனது என்பது தோன்றாது. "இங்கிலீஷ் மருந்து தொடர்ந்து சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் வேறு சொல்லுவார். கட்டுப்படாத பிரஷர்தான் கிட்னியைக் கெடுக்கும் என்பதை யாராவது உட்கார்ந்து, பொறுமையாக, நாலு தடவை சொல்லவேண்டும். மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவரால் அது முடியாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. இதே சென்னையில் ஏறக்குறைய எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டதுதான்.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து நடத்தியது. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கவேண்டும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். இவர்கள் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு சானடோரியத்தில் சிகிச்சை. மீதிப் பேருக்கு வீட்டிலேயே, அந்த ஏழை வீடுகளின் நெரிசலிலும் அரைகுறைச் சாப்பாட்டிலும். மருந்து இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். 1959-ல் அந்த முடிவு வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக ஆரம்பித்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

இதில் நம் கதைக்கு வேண்டிய பகுதி வேறு. வீட்டுக்கு மருந்து கொடுத்தால் சாப்பிடுவார்களா என்ற சந்தேகம் அந்த டாக்டர்களுக்கு இருந்தது. அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் நின்றார்கள். மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். உடம்பு தேறியதும் பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள் என்பது தெரிந்தது. கண் முன்னால் மருந்தை விழுங்க வைக்கும் முறை வளர்ந்ததில் சென்னை ஆராய்ச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தியாவில் 1997-ல் விரிவாக்கப்பட்ட காசநோய்த் திட்டத்தின் ரிஜிஸ்டரைப் பார்த்தால் என்னைப் போன்ற காமர்ஸ்காரனுக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் என்று நோயாளிகளைப் பிரித்து, கடைசி வரை பின்தொடர்வார்கள். குணமானவர் எத்தனை, மருந்தை முடித்தவர் எத்தனை, பாதியில் விட்டவர் எத்தனை, மருந்து கேட்காதவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. ஆரம்பித்த அத்தனை பேரும் ஏதாவது ஒரு பத்தியில் வந்து விழுந்தாகவேண்டும். பற்றும் வரவும் டேலி ஆகவேண்டும். காணாமல் போனவருக்குக்கூட ஒரு பத்தி இருக்கிறது பாருங்கள், அங்கேதான் அந்தக் கணக்கின் நாணயம் இருக்கிறது.

பிரஷர், சர்க்கரைக்கு இந்தக் கணக்கு இல்லையா? இருக்கிறது. பேனருக்குத்தான் வருவதில்லை.

மாநில அளவில் 2020-ல் ஸ்டெப்ஸ் என்று ஒரு சர்வே எடுத்தார்கள். 18-லிருந்து 69 வயதுக்குள் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம். அப்படி இருப்பவர்கள் நூறு பேரில், அது கட்டுக்குள் இருந்தது வெறும் 7 பேருக்கு. சர்க்கரையில் நூறுக்கு 11 பேர். தனக்கு வியாதி இருப்பதே தெரியாதவர்களும் இந்த நூறில் சேர்த்தி. ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் பேர்போன மாநிலத்தின் மார்க் ஷீட் இது.

2023-24-ல் அடுத்த சர்வே. ரத்த அழுத்தத்தில் 7 என்பது 17 ஆகியிருந்தது. சர்க்கரையிலும் 11 என்பது சுமார் 17.

ஒரு கோடி என்ற எண்ணைவிட எனக்கு இந்த 17 பெரிதாகத் தெரிகிறது. நாலு வருஷத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேல். அத்தனையும் இந்த ஒரு திட்டத்தின் வேலை என்று சொல்லிவிட முடியாது, பிரைவேட் டாக்டரிடம் போகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். இருந்தாலும் நிஜமான வசூல் இதுதான். கூடவே பாக்கி 83 பேரையும் அது காட்டிக்கொடுக்கிறது. ஒரு கோடி என்று எழுதினால் கைதட்டல் வரும். 17 என்று எழுதினால் "மீதி 83 பேர் எங்கே?" என்று எவனாவது கேட்டுவிடுவான். எதை பேனரில் போடுவார்கள் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

பேனரில் எதைப் போடுகிறோமோ, அதைத்தான் கீழே இருப்பவர்கள் செய்வார்கள். வீடு வீடாகப் போவது பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். ஆரம்பத்தில் மாதம் 4,500 ரூபாய். அதற்குப் பெயர் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. ஒரு நாளைக்கு 150 ரூபாய் கணக்கு. வெயிலில் தெருத்தெருவாக நடந்து, பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, செல்போனில் ஏற்றி முடிக்கவேண்டும். மேலே இருப்பவர் "இன்னிக்கு எத்தனை வீடு?" என்று மட்டும் கேட்டால், அவர் வீடுகளைக் கொடுப்பார். "போன மாசம் பிரஷர் ஏறியிருந்ததே அந்தத் தாத்தா, அவருக்கு இப்ப எவ்வளவு?" என்று கேட்டால், அந்தத் தாத்தா பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காருவார். இட்லிக் கடை அம்மாவின் பிஸ்கட் டப்பாவையும் திறந்து பார்ப்பார். அதே பெண், அதே பை. கேள்வி மாறினால் வேலை மாறும்.

நகரத்துக்கு வந்தால் கதை இன்னும் வேடிக்கை. பகலில் அவர் வரும்போது வீட்டில் ஆள் இருப்பதில்லை. நாற்பது, நாற்பத்தைந்து வயது ஆண்கள்தான் முதலில் மாட்டவேண்டியவர்கள். அவர்கள் ஆபீஸிலோ, ஆட்டோவிலோ, கடையிலோ இருப்பார்கள். அபார்ட்மென்ட் என்றால் வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே போகமுடியாது. கேஸ் டெலிவரிக்குத் திறக்கிற கேட், ரத்த அழுத்தக் கருவியோடு வருகிற பெண்ணுக்குத் திறக்காது.

இதற்காகவே யோசித்து ஒன்று செய்தார்கள். நகர்ப்புற நலவாழ்வு மையம் என்று மாநிலம் முழுக்க 708 மையங்கள் அறிவித்து, 2023 ஜூனில் ஒரே நாளில் 500 மையங்களைத் திறந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், மருந்து. நேரத்தைத்தான் கவனிக்கவேண்டும். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று வைத்தார்கள். வேலைக்குப் போகிறவனுக்காகவே வைத்த நேரம். உங்கள் பேட்டையில் அப்படி ஒரு மையம் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? புது பிரியாணிக் கடை எங்கே என்றால் வழி சொல்லிவிடுவோம். அட்டையும் ஆளும் அனுப்பி அழைக்காதது அரசாங்கத்தின் தப்பு. "கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி நமக்கில்லப்பா" என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து மாஸ்டர் செக்கப் செய்துவிட்டு, ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டுவது நம்முடைய தப்பு. பிஸ்கட் டப்பாவுக்கும் பீரோவுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டமும் இதே ரகம். மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல யோசனை. ஷூ மாட்டிக்கொண்டு அங்கே வருகிறவர் ஏற்கெனவே நடக்கிறவர். நடக்கவேண்டியவர் வீட்டை விட்டு இறங்கினால் பிளாட்பாரத்தில் டிரான்ஸ்பார்மர், பைக், இளநீர்க் கடை, திறந்த மூடி. அவருக்கு 8 கிலோமீட்டர் வேண்டாம். தெருமுனைப் பால் பூத் வரை பயமில்லாமல் போய்வர 400 மீட்டர் கிடைத்தால் போதும்.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சுகாதார நிலையத்தின் வாசலிலும் ஒரு கரும்பலகை. அதில் மூன்றே வரி. போன வருஷம் இதே மாதம் மாத்திரை ஆரம்பித்தவர்கள் இத்தனை பேர். அவர்களில் இந்த மாதமும் மாத்திரை வாங்கியவர்கள் இத்தனை பேர். பிரஷர் 140/90-க்குக் கீழே இருப்பவர்கள் இத்தனை பேர். இப்படி எண்ணமுடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். 2017-ல் தொடங்கிய இந்திய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, பல மாநிலங்களில் இந்த மாதிரிதான் எண்ணியது. வராமல் போனவர்களைப் பட்டியல் போட்டுத் தேடவும் செய்தது.

பெயர் மாறலாம், பேனரில் படம் மாறலாம். யார் நாற்காலியில் இருந்தாலும் இந்த மூன்று வரியைக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு. வரிப்பணம் நம்முடையது, ரத்தக் குழாயும் நம்முடையது.

அடுத்த தடவை "இத்தனை லட்சம் பயனாளிகள்" என்று யாராவது மைக்கில் சொன்னால், கைதட்டுங்கள், தப்பில்லை. தட்டி முடித்ததும், மளிகைக் கடை அண்ணாச்சியின் சம்சாரம் ராத்திரி கடை மூடும்போது கேட்கிற அந்த ஒரே கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

"சரி, வசூல் எவ்வளவு?"