ஓமந்தூரார் என்கிற 'நல்ல மனிதர்'

இளைஞர்களைப் பொதுவாழ்வுக்கு அழைக்கிற மேடை என்றால் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் ஓமந்தூரார் வந்துவிடுவார். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரின் விவசாயி, 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணப் பிரதமர் (முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்), பிறகு வடலூர். எளிமை, நேர்மை, கண்டிப்பு. 'அவரை மாதிரி வாங்கப்பா' என்று முடிப்பார்கள்.

இந்தச் சொல்லாடலில் மனிதர் வெறும் குணமாகச் சுருக்கப்படுகிறார் என்பதுதான் எனக்கு உறுத்தல். அவருடைய ஆட்சியில் வந்த சட்டங்கள் காணாமல் போய்விடுகின்றன. தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில் நுழைவு உரிமை தந்த 1947ஆம் ஆண்டுச் சட்டம், அதே வருஷம் தேவதாசி முறை ஒழிப்பு, 1948இல் ஜமீன் ஒழிப்பு. மூன்றுமே யாரோ சிலருடைய அதிகாரத்தில் கை வைத்தவை. சொந்தக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்களின் ஆதரவை இழந்துதான் அவர் விலகினார் என்பதையும் மேடை சொல்லாது. நல்ல மனிதரைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். அவர் காலத்துச் சட்டத்தைக் காட்டி ஒருத்தன் வந்து நின்னா?

இதே மாவட்டத்தில் நின்றார்கள். மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், 2023 ஏப்ரலில், உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அவர்கள் செய்ததெல்லாம் 76 வருஷத்துப் பழைய உரிமையைப் பயன்படுத்தியதுதான். ஜூனில் வருவாய்த்துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. உரிமை 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை' ஆனது. மறுத்தவரும் மறுக்கப்பட்டவரும் சமமான 'இருதரப்பு' ஆனார்கள். உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச்சில் கதவு திறந்தது, பூசைக்கு மட்டும். தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆயிற்று.

இதற்குப் பிறகும் இளைஞர்களுக்கு அரசியல் அக்கறை இல்லை என்கிறார்கள். 18 வயதில் ஓட்டு, கிராம சபையில் கணக்குக் கேட்கிற உரிமை, 21இல் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம். சரி. 2016இல் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது 2021 அக்டோபரில். அதுவரை தனி அலுவலர் ஆட்சி. அக்கறை இல்லாதது யாருக்கு?

கிராம சபை எங்கே கூடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஊர்த் தெருக் கோயில் திடலில் கூடினால், காலனி இளைஞர் எழுந்து 'கணக்கைப் படிங்க' என்று கேட்பதற்கு வயசுச் சான்றிதழ் மட்டும் போதாது.

அடுத்த முறை ஓமந்தூரார் பெயரில் இளைஞர்களைக் கூப்பிடுகிறவர்கள் மேல்பாதி இளைஞர்களையும் மேடையேற்றட்டும். பேச எத்தனை நிமிஷம் தருகிறார்கள் என்று பார்க்கலாம்.