ஈரப்பதம் 17, கலோரி 3,500

தஞ்சாவூர்ப் பக்கம் போய் 'பதினேழு' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். எதைச் சொல்கிறீர்கள் என்று எந்த விவசாயியும் கேட்க மாட்டார். நெல்லின் ஈரப்பதம்! 17 சதவிகிதத்தைத் தாண்டினால் அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் போச்சு. ரோட்டோரம் நெல்லைக் கொட்டி, தார்ப்பாயைப் போடுவதும் எடுப்பதுமாக நாள்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். '22 சதவிகிதம் வரை வாங்க அனுமதி கொடுங்கள்' என்று மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து, கைப்பிடி நெல்லைப் பையில் போட்டு ஆய்வுக்கு எடுத்துப்போகும். பதில் வருவதற்குள் பாதி நெல் முளைத்துவிடும்.

இப்போது அரசாங்கத்தின் இன்னொரு கொள்முதலைப் பாருங்கள்.

2014 ஜனவரியில் இந்தோனேஷிய நிலக்கரியோடு ஒரு கப்பல் எண்ணூருக்கு வந்தது. விற்றது அதானி குழுமம். வாங்கியது டான்ஜெட்கோ, அதாவது நம்ம மின்வாரியம். பத்து வருஷம் கழித்து, 2024 மே மாதம், லண்டன் 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' அந்தக் கப்பலின் காகிதங்களைக் கிளறி எழுதியது. கிளம்பும்போது கிலோவுக்கு 3,500 கலோரி, டன் 28 டாலர். வாரியத்தின் கைக்கு வரும்போது 6,000 கலோரி, டன் 91.91 டாலர் என்றது அந்தச் செய்தி. கடல் காற்று பட்டால் நிலக்கரிக்கு இப்படியெல்லாம் சத்து ஏறும் போலிருக்கிறது!

அதானி தரப்பு இதை மறுத்தது. ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் தரம் சோதிக்கப்பட்டது, வாரியமும் சோதித்தது என்றார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அந்தச் சோதனைச் சீட்டுகள் எங்கே? கப்பலுக்கு ஒன்றாக வாரியத்தின் அலமாரியில் இருந்திருக்க வேண்டுமே? அதை எடுத்து மேஜையில் வைத்திருந்தால் ஒரே நாளில் விவகாரம் தீர்ந்திருக்கும், யார் பக்கம் உண்மை இருந்தாலும்.

கலோரி என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். 6,000 கலோரி கரியை 100 டன் எரித்துக் கிடைக்கிற வெப்பத்துக்கு, 3,500 கலோரி கரி 170 டன்னுக்கு மேல் வேண்டும். சாம்பலும் கூடும். அதைக் கொட்டும் ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும்.

இது 2024-ல் திடீரென்று முளைத்த புகாரும் இல்லை. இந்தோனேஷிய நிலக்கரியின் விலையை ஏற்றிக் காட்டுகிறார்கள் என்று மத்திய வருவாய் புலனாய்வு இயக்குநரகம் 2016-லேயே எச்சரித்தது. 2012 முதல் 2016 வரையிலான இறக்குமதியில் வாரியத்துக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று 'அறப்போர் இயக்கம்' 2018-ல் புகார் கொடுத்தது. அந்த வருடங்களில் கோட்டையில் இருந்தது அ.தி.மு.க. 2021-ல் தி.மு.க. வந்தது. வந்த சூட்டிலேயே அமைச்சர் செந்தில் பாலாஜி, வடசென்னை அனல்மின் நிலையத்தில் 2.38 லட்சம் டன் நிலக்கரி ஏட்டில் இருக்கிறது, இருப்பில் இல்லை என்றார். ஏட்டுச் சுரைக்காய் தெரியும், ஏட்டு நிலக்கரியை அப்போதுதான் கேள்விப்பட்டோம். காணாமல்போன கரிக்கு அவ்வளவு சத்தம். கலோரிக் கணக்குக்கு அந்தச் சத்தத்தில் பாதிகூட இல்லை.

ஆனால், நிலக்கரி நம் வயலுக்கு அடியில் இருந்தால் கதையே வேறு. 2023 மார்ச் கடைசியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏலப் பட்டியலில் ஒரத்தநாடு பக்கத்து வடசேரி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று பழுப்பு நிலக்கரி வட்டாரங்கள் இருந்தன. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டசபையில் எல்லாக் கட்சியும் எதிர்த்தன. ஏப்ரல் 8-ம் தேதி மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கம். அண்ணாமலை கேட்டுக்கொண்டதால்தான் என்றார் மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி. எங்கள் கடிதத்தால் என்றது தி.மு.க. 2020-ல் வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்ததே நாங்கள்தான் என்றது அ.தி.மு.க. அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் மைக்கேல்பட்டி வரவே இல்லை என்பதைப் பேசத்தான் ஆள் குறைவு.

நீக்கியது நல்லதுதான், சந்தேகமே இல்லை. வயலுக்குள் இயந்திரம் இறங்கினால் என்ன ஆகும் என்று அதே வருடம் ஜூலையில், சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில் பார்த்தோம். என்.எல்.சி. கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற பயிரை மண்ணள்ளும் இயந்திரங்கள் புரட்டிப்போட்டன. என் கேள்வி வேறு. மண்ணுக்கடியில் கிடக்கிற கரிக்கு மூன்று கட்சிகள் பெயர் வாங்க ஓடி வருகின்றன. கப்பலில் வந்து இறங்கிய கரிக்கு ஏன் ஒருவரும் வருவதில்லை? போராட வயல் இல்லை, படம் எடுக்கப் பச்சை இல்லை, அதனாலா?

காசு மட்டும் நம்மிடமிருந்துதான் போகிறது. எட்டு வருடம் ஏறாத மின்கட்டணம் 2022 செப்டம்பரில் ஏறியது. அதற்கு முந்தைய மாதம் ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்டது. தஞ்சாவூர்க்காரர் பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். அடுத்த முறை அப்படி ஒரு கூட்டம் நடந்தால் போங்கள். கட்டணத்தை ஏன் ஏற்றுகிறீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் 2012-ல் இருந்து கப்பல்வாரியாகக் கலோரிச் சீட்டைக் கேளுங்கள்.