கண்ணாடி மாளிகையும் கிணற்று நீரும்

யாழ்ப்பாண நகரில் இன்று எழும் வங்கிகள், அலுவலகங்கள் பலவும் கண்ணாடி முகத்துடனேயே எழுகின்றன. குளிர் நாடுகளில் வெயிலை உள்ளே அழைத்துத் தரும் கண்ணாடிச் சுவர், நமது நாட்டில் கட்டடத்தை உலையாக்குகின்றது. அவ்வுலையைக் குளிரூட்ட நாள் முழுவதும் மின்சாரம் வேண்டும். இதனையே நாம் நவீனம் என்கிறோம்.

மின்சாரத்துக்கு ஒரு விலையுண்டு. அதனைச் செலுத்துபவர் யார் என்பதே நமது கேள்வி. வற்றாத ஆறில்லாத குடாநாட்டிலே, சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் மாரிமழையே நெடுங்காலம் மக்களின் முதன்மைக் குடிநீராக இருந்தது. சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் பிறப்பித்தபோது கழிவெண்ணெய் அந்நீரிற் கலந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், தனியார் மின் நிறுவனமொன்று பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கண்ணாடி மாளிகைகளே இதற்குக் காரணம் என்பது மிகையாகும். ஆயினும், குளிர் ஒரு சாராருக்கு, கழிவு மற்றொரு சாராருக்கு என்ற நியதியை அச்சம்பவம் அம்பலப்படுத்தியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றபோது, மின்பிறப்பாக்கி இல்லாத அலுவலகத்தில் திறக்கவியலாத சன்னலருகே வெந்தவர் முதலாளியல்லர், எழுதுவினைஞரே.

வேறு வழியில்லை என்பார்க்குக் கொழும்பிலேயே விடையுண்டு. 1970களின் பிற்பகுதியில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த அரச ஈட்டு வங்கிக் கட்டடம் பல மாடிகளைக் கொண்டது. எனினும் காற்றின் திசையும் வெயிலின் போக்கும் அறிந்து அமைக்கப்பட்டது. சன்னல்களின் கீழுள்ள துவாரங்கள் வழியே காற்று உட்புகுமாறு அது வடிவமைக்கப்பட்டது.

நமது நாற்சார் வீடும் அதே உண்மையை அறிந்திருந்தது. நடு முற்றம் காற்றையும் ஒளியையும் பகிர்ந்தளித்தது. தாழ்வாரம் சுவரை வெயிலினின்று காத்தது. ஆனால், பழமை போற்றுவோர் ஒன்றை மறைக்கின்றனர். அம்முற்றத்துள் ஒடுக்கப்பட்ட மக்கள் கால் வைக்க இயலவில்லை. கிணற்றில் நீரள்ளும் உரிமையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அவ்வீட்டின் நுட்பத்தை நாம் ஏற்போம். அதன் நீதியை நிராகரிப்போம்.

ஆகவே, வாயிலில் மாட்டிய பசுமைச் சான்றிதழ் ஒரு கட்டடத்தின் தரத்தை முற்றாகச் சொல்லிவிடாது. அதனுள் உழைப்பவர் சுவாசிக்கும் காற்றும், அதற்கு வெளியே வாழ்பவர் குடிக்கும் நீரும் சொல்லும். அக்கணக்கைக் கேட்கும் உரிமை பொறியியலாளருக்கு மட்டும் உரியதன்று. கிணற்றிலே நீரள்ளும் அனைவருக்கும் உரியது.