படம் பார்த்துச் சொல்லும் சொல்

அரபி மொழியில் திறனாய்வுக்கு வழங்கும் சொல் ‘நக்து’ என்பதாகும். திர்ஹம் நாணயங்களைச் சோதித்து, நல்லவற்றினின்று போலிகளைப் பிரித்தெடுக்கும் செயலைக் குறித்த இச்சொல், பின்னர் இலக்கியத் துறைக்கும் உரியதாயிற்று. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த குதாமா இப்னு ஜஅஃபர், கவிதையின் நிறை குறைகளை ஆராய்ந்து எழுதிய தம் நூலுக்கு ‘நக்துஷ் ஷிஃர்’ என்றே பெயரிட்டார். நாணயத்தைச் சோதிப்பவர் அதன் ஓசையையும் எடையையும் பார்த்து, காரணத்தோடு முடிவு கூறுகிறார். கவிதைக்குப் பொருந்திய இம்முறை, நம் காலத்தில் பெருகியிருக்கும் நிலக்காட்சி ஒளிப்படக் கலைக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினா எனக்கு எழுந்த இடம் சாகுபுரம். காயல்பட்டினத்திற்கும் ஆறுமுகநேரிக்கும் அருகில், 1950களின் இறுதியில் தொடங்கிய இரசாயன ஆலையையொட்டி வளர்ந்த ஊர் அது. சுற்றிலும் உப்பளங்கள். சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர் ஒருவர், தாம் அதிகாலையில் எடுத்த உப்பளக் காட்சி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். முன்னே நீர் நிறைந்த பாத்திகள். நடுவே வெண்மையான உப்பு அம்பாரங்கள். பின்னே, வலப்புற ஓரத்தில், ஆலையின் புகைபோக்கி. பார்த்தவுடன், “அழகாக இருக்கிறது, அந்தப் புகைபோக்கியை மட்டும் வெட்டிவிடுங்கள்” என்றேன். அவர் மறுவார்த்தை பேசாமல் வெட்டிவிட்டார். ஒரு போட்டிக்கும் அனுப்பினார். அது தேர்வு பெறவில்லை, காரணமும் தெரிவிக்கப்படவில்லை. அதன்பின் பல மாதங்கள் அவர் படம் எதுவும் கொண்டுவரவில்லை. நான் சொன்ன சொல்லில் என்ன பிழை என்று அப்போதுதான் ஆராயத் தொடங்கினேன்.

முதற்பிழை, ‘அழகு’ என்ற சொல்லோடு நின்றது. அறியாமைக் காலத்து உக்காழ் சந்தையில், தோல் கூடாரத்தில் அமர்ந்து கவிஞர்களின் கவிதைகளைக் கேட்டு மதிப்பிட்ட நாபிகா அத்துப்யானீயைப் பற்றி இலக்கிய வரலாற்று நூல்கள் ஒரு செய்தி கூறுகின்றன. ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) தம் குலப் பெருமையைப் பாடியபோது, உணவுத் தட்டுகளுக்கும் வாள்களுக்கும் சிறு எண்ணிக்கையைக் குறிக்கும் பன்மை வடிவங்களை ஆண்டிருந்தார். பெருமை பேச வந்த இடத்தில் அவ்வடிவங்கள் பெருமையைக் குறைத்துவிட்டன என்று நாபிகா சுட்டினாராம். இச்செய்தியின் உறுதியை ஐயுற்ற அறிஞர்களும் உண்டு. எனினும், அதில் அமைந்த முறை நமக்குப் பாடமாகும். கவிஞர் எதை நாடினார் என்பதை முதலில் உணர்ந்து, அந்நோக்கத்திற்கு இடையூறாக நின்ற சொல்லைப் பெயர் சொல்லிக் காட்டும் முறை அது. ‘நன்று’, ‘நன்றன்று’ என்ற பொதுச் சொற்களைக் கேட்டவர் மறுநாள் திருத்திக்கொள்ள எதுவுமில்லை.

படத்தில் பெயர் சொல்லிச் சுட்ட நமக்குச் சொற்கள் உண்டா? உண்டு. பஸராவில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் (965 – ஏறத்தாழ 1040), தம் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலில், கண்ணால் அறியப்படும் பண்புகள் இருபத்திரண்டைத் தொகுத்துள்ளார். ஒளி, நிறம், தொலைவு, இருப்பு, வடிவு, அளவு, பிரிவு, தொடர்ச்சி, எண்ணிக்கை, அசைவு, அசைவின்மை, கரடு, மென்மை, நிழல், இருள், ஒப்புமை, வேறுபாடு என்பன அவற்றுட் சில. அழகும் அவற்றுள் ஒன்றே. ஆயினும் அது ஏனைய பண்புகளாலும், அவை ஒன்றோடொன்று பொருந்தும் இசைவாலும் பிறப்பது என்று அவர் விளக்குகிறார். ஆகவே, அழகு என்று சொன்னவர் எப்பண்பு அவ்வழகை விளைவித்தது என்றும் சொல்லக் கடமைப்பட்டவராகிறார்.

இவ்வளவையால் மாணவரின் முதற்படத்தை மீண்டும் நோக்கினேன். பாத்தி வரப்புகளின் தொடர்ச்சி கண்ணை உள்ளே அழைத்துச் சென்றது. அது அதன் வலிமை. அம்பாரங்களின் ஒளிபட்ட பக்கம் நுணுக்கம் அழிந்து வெறும் வெள்ளையாக நின்றது. உப்பின் கரடு தெரியவில்லை. தொடுவானம் சிறிது சரிந்திருந்தது. இம்மூன்றில் ஒன்றைக்கூட நான் அன்று சொல்லவில்லை. புகைபோக்கியோ தொலைவையும் அளவையும் உணர்த்தும் ஒரே செங்குத்துக் கோடாக இருந்தது. அதைத்தான் வெட்டச் சொன்னேன்.

இரண்டாம் பிழை இதனினும் பெரிது. அப்புகைபோக்கி அங்கே ஏன் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பின்னொரு நாள் கேட்டபோது மாணவர், “எங்க வாப்பா லாரியில ஏத்துற உப்பு அங்கதான் போகுது, ஹஜ்ரத்” என்றார். காஸ்டிக் சோடா உப்புநீரில் மின்சாரம் செலுத்தி ஆக்கப்படுவது. உப்பில்லையேல் அவ்வாலைக்கு வேலையில்லை. மாணவர் எடுத்தது அளத்தின் எழிலை மட்டுமன்று, அளத்திற்கும் ஆலைக்கும் இடையிலுள்ள உறவை. நான் எழிலை வைத்துக்கொண்டு உறவை வெட்டச் செய்துவிட்டேன். ஆலையின் நன்மை தீமை பற்றி ஊரில் கருத்துகள் பல இருக்கலாம். படத்திலிருந்து அதை அகற்றுவது அவற்றுள் எதற்கும் விடையாகாது.

நிலக்காட்சியில் சேர்ப்பதும் நீக்குவதும் புதிய வழக்கமல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான லின்னேயஸ் டிரைப், 1857 டிசம்பரில் புறப்பட்டு, 1858இல் மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய இடங்களைப் படமெடுத்தார். அவர் கையாண்ட மெழுகிட்ட காகித நெகட்டிவ்கள் வானத்தை வெறும் வெளியாகவே பதிவு செய்தன. எனவே நெகட்டிவின் மேல் தூரிகையால் முகில்களைத் தீட்டினார். இதை ‘ஏமாற்று’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குபவர், கருவியின் எல்லையை அறியாதவராவார். முகில் தீட்டியது கருவி காணத் தவறியதை ஈடுசெய்ய. புகைபோக்கியை வெட்டியது கருவி கண்டதை மறைக்க. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்வதே திறனாய்வாளரின் பணி.

இனி, கருத்தைப் பெறுவோரின் கடமை. பார்ப்பவர் ஓரிடத்தில் தடுமாறினார் எனில், அத்தடுமாற்றம் உண்மை. அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் கூறும் பரிகாரமோ பிழையாக இருக்கலாம். புகைபோக்கி என் கண்ணை உறுத்தியது மெய்யே; அது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றதே காரணம். வெட்டுவதற்குப் பதில், நிற்கும் இடத்தைச் சில அடிகள் மாற்றியிருந்தால் போதும். அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் எடுத்த நிலவெழுச்சிப் படத்தைப் பல பத்தாண்டுகள் மீண்டும் மீண்டும் அச்சிட்டு, வானத்தை மேலும் மேலும் கருமையாக்கினார். எடுத்த படம் முடிந்த படமன்று என அவரே தமக்குத் திறனாய்வாளராக நின்றதற்கு அது சான்று.

மாணவரிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். வெட்டாத மூலப்படம் அவரிடம் இருந்தது. அடுத்த உப்புப் பருவத்தில் அதே வரப்பிற்குச் சென்று, வெயில் ஏறுமுன், வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து மீண்டும் எடுத்தார். இம்முறை புகைபோக்கி இரு அம்பாரங்களுக்கு நடுவே நிற்கிறது. உப்பின் கரடு கைக்குத் தட்டுப்படுவது போலத் தெரிகிறது. முன்புறப் பாத்தியில் நிழல் இன்னும் மிகுதி என்று கருதுகிறேன். அதை அவரிடம் சொன்னேன். “நிழல் இருக்கட்டும், ஹஜ்ரத்” என்றார், காரணமும் சொன்னார். நான் ஏற்றுக்கொண்டேன்.